மூக்குப் பாரம்

ஆல்டர் ஃபோர்க், நெப்ராஸ்கா
ஜனவரி 11

அன்புள்ள மேவிஸ்,

இதை எழுதுவது நான்தான். ஓர்வில். உன் புருஷன்.

காலைக் காபிக்குப் பிறகு ஆரம்பித்தேன். இப்போது விளக்குப் போட்டாயிற்று. நடுவில் நாய்க்குச் சாப்பாடு வைத்தேன், ஒரு தூக்கம் போட்டேன், மற்றபடி இதே வேலைதான். வேலிக்குக் கம்பி இழுத்த நாட்களில்கூட விரல் இப்படி வலித்ததில்லை. ஆனால் இது நல்ல வலி.

நவம்பரிலிருந்து நூலகத்துக்குப் போகிறேன். டோரீன் பேசெக் சொல்லித் தருகிறாள். நான் ஒருவன்தான் மாணவன். எழுபத்து மூன்று வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது மேவிஸ். ஊரெல்லாம் எழுத்தாக இருக்கிறது. இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நாம் எட்னா கடை என்று சொல்கிறோமே, அந்தப் பலகையில் எட்னா என்ற பேரே இல்லை. மலைக்காட்சி உணவகம் என்று இருக்கிறது. நம் ஊரில் ஏது மலை? எட்னாவிடம் கேட்டேன். "நான் கடையை வாங்கும்போதே அந்தப் பலகை இருந்துச்சு. இப்பத்தான் கண்ணு தெரியுதா உனக்கு?" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

பான்கேக் மாவுப் பொட்டலத்தில் தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்று போட்டிருக்கிறது. நீ இத்தனை வருஷமும் முட்டை ஊற்றினாய். குறை சொல்லவில்லை. நீ ஊற்றினால்தான் நன்றாக இருந்தது.

அக்டோபரில் நீ போன விதத்தைப் பற்றி எழுத மாட்டேன். இதில் இடம் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ வாங்கிய புது டிரெய்லர் வீட்டின் மூக்கை நம் பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றியபோது பின்பக்கம் தாழ்ந்து போய் முன்விளக்கு வானத்தைப் பார்த்தது உண்மை. டிரெய்லரை விற்றுவிடு என்று நான் சொன்னேன். பிக்கப்பை விற்றுவிடு என்று நீ சொன்னாய். அது நமக்குள் இருக்கும் பேச்சு. அதற்கு நடுவில் லைல் ஹெண்ட்ரி, பின்னால் இரட்டை இரட்டையாகச் சக்கரம் வைத்த தன் பெரிய வண்டியோடு வாசலில் வந்து நிற்க வேண்டிய அவசியம் என்ன? வைக்கோல் ஏற்றுகிறவனுக்கு என் வீட்டு வாசலில் என்ன ஏற்ற வேண்டியிருந்தது?

நாய் நன்றாக இருக்கிறது.

ஓர்வில்


பைரைட் வெல்ஸ், அரிசோனா
ஜனவரி 22

ஓர்வில்,

இதை யார் எழுதிக் கொடுத்தது?

உன்னுடைய பேச்சுதான். காதில் கேட்கிறது. ஆனால் நாற்பத்தாறு வருஷமாக உன் கையெழுத்தே எனக்குத் தெரியாது. செக்கில் நீ போடும் கோழிக்கால் கிறுக்கலைத் தவிர நீ எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. திடீரென்று மூன்று பக்கம் வருகிறது. கோடு பிசகாமல் வருகிறது. டோரீன் பேசெக் எழுதியிருந்தால் அவளிடம் சொல், நம் வீட்டு முட்டையைப் பற்றி அவள் எழுத வேண்டியதில்லை.

நீயே எழுதியிருந்தால் அது இன்னும் மோசம். கல்யாணமான முதல் குளிர்காலத்திலேயே நான் சமையல் மேஜையில் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நினைவிருக்கிறதா? "என் தலை மரக்கட்டை, இதுல ஆணிதான் இறங்கும்"னு சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டாய். அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டேன். சாலைப் பலகை, மருந்துச் சீட்டு, உன் அண்ணன் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ், எல்லாவற்றையும் நான்தான் வாசித்தேன். நான் கேட்டபோது இறங்காத ஆணி டோரீன் கேட்டால் இறங்குகிறது. நம் கல்யாணத்தில் அவளோடு இரண்டு போல்கா ஆடினவன்தானே நீ. நான் மறக்கவில்லை.

இங்கே வெயில் இதமாக இருக்கிறது. நான் தினமும் கல் பொறுக்கப் போகிறேன். நல்ல அகேட் கிடைக்கிறது. லைல் அவன் அக்கா பெர்னிஸின் டிரெய்லரில் தங்கியிருக்கிறான், இதே டிரெய்லர் முகாமில் இரண்டு இடம் தள்ளி. பெர்னிஸ் வருஷம் முழுக்க இங்கேதான். நான் பொறுக்கிய கல்லையெல்லாம் டிரெய்லரின் முன்பக்கம் படுக்கைக்குக் கீழே உள்ள சாமான் அறையில் போட்டு வைத்திருந்தேன். லைல் அதைப் பார்த்துவிட்டு, "மேவிஸ், அந்த அறை சரியா மூக்குக்கு மேல இருக்கு. அங்க வைக்கிற ஒவ்வொரு கல்லும் டிரெய்லர்ல இல்ல, வண்டி முதுகுல உக்காருது"னு சொன்னான். லைல் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. லைல் எல்லாவற்றையும் வாளியில் அள்ளிப் பின் அறைக்கு மாற்றிக் கொடுத்தான். நீயாக இருந்தால் பள்ளத்தில் கொட்டியிருப்பாய்.

கணப்பு அடுப்பின் வடிகட்டியை மாற்றினாயா? படம் வரைந்து ஒட்டி வைத்திருக்கிறேன்.

மேவிஸ்


ஆல்டர் ஃபோர்க்
பிப்ரவரி 2

மேவிஸ்,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். யாரிடமும் காட்டவில்லை. மூன்று நாள் ஆயிற்று. அதில் நான் இப்போது மிக வேகமாக வாசிக்கும் சொல் எது தெரியுமா? லைல். கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன். அத்தனை தடவை வருகிறது. என் பேர் மேலே ஒரு தடவை வருகிறது, அதற்கு முன்னால் அன்புள்ள கூட இல்லை.

எழுதுவது நான்தான் என்பதற்குச் சாட்சி கேட்கிறாயா? சரி.

நம் பழைய சின்ன டிரெய்லரைப் பின்னால் எடுத்து நிறுத்தும்போது மற்ற ஜோடிகள் எல்லாம் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கும். நாம் கத்தினதில்லை. நீ அந்த மஞ்சள் கழுத்துத் துணியோடு பின்னால் நிற்பாய். துணி வலது தோளில் இருந்தால் வால் வலது பக்கம் வர வேண்டும். இடது தோளில் இருந்தால் இடது பக்கம். இரண்டு கையும் தலைமேல் போனால் நிறுத்து. மூக்கைச் சொறிந்தால் நன்றாக வருகிறாய். முதுகைத் திருப்பிக்கொண்டால், இந்தக் கண்றாவியை என்னால் பார்க்க முடியாது, முதலிலிருந்து வா. இது டோரீனுக்குத் தெரியுமா? உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ஏன் டோரீனிடம் போனேன் என்று கேட்கிறாய். நீ வரைந்து ஒட்டிய படங்களால்தான் போனேன். போகும்போது வீடு முழுக்க ஒட்டிவிட்டுப் போயிருந்தாய். மாத்திரைப் புட்டியில் சூரியன், இன்னொன்றில் நிலா. அடுப்பில் அம்புக்குறி. வடிகட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிழவன், குச்சிக் கை, உருளைக்கிழங்கு மூக்கு. அது நான். அவனோடு ஒரு வாரம் இருந்தேன். காலையில் எழுந்தால் அவன் என்னைப் பார்க்கிறான். எட்டாம் நாள் தொப்பியை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். உள்ளே டோரீன் இருந்தாள். டோரீனுக்குப் பதிலாக ஒரு குதிரை இருந்திருந்தாலும் அதனிடம்தான் கற்றிருப்பேன்.

அவள் வாரா வாரம் கோலாச்சி கொண்டுவருகிறாள். நடுவில் பழம் வைத்த இனிப்பு ரொட்டி. மறைக்க வேண்டாம் என்று சொல்கிறேன்.

இன்னொரு செய்தி. நான் வண்டி வாங்கப் போகிறேன். உன் டிரெய்லரை இழுக்கக்கூடிய வண்டி. லைல் தன் இரட்டைச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு வைக்கோலுக்கே போகலாம்.

ஓர்வில்


பைரைட் வெல்ஸ்
பிப்ரவரி 12

அன்புள்ள ஓர்வில்,

போட்டுவிட்டேன், போதுமா.

மூக்குச் சொறிவதை வாசித்ததும் நீதான் என்று தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்திருந்தேன். பெர்னிஸ் வந்து, "என்ன, யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டாள். "இல்ல, என் புருஷன் எழுதக் கத்துக்கிட்டான்"னு சொன்னேன். "அதுக்கா அழற?" என்றாள். அழவில்லை, வெயில் என்றேன்.

கோலாச்சிக்கு வருகிறேன். டோரீன் மாவில் சர்க்கரை கூடப் போடுவாள். உன் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நிலா போட்ட புட்டி அதற்குத்தான்.

வண்டி விஷயத்தில் அவசரப்படாதே. நாம் அக்டோபரில் செய்த தப்பு இப்போதுதான் எனக்குப் புரிகிறது. வண்டி எவ்வளவு இழுக்கும் என்று மட்டும் பார்த்தோம். இந்த மாதிரி டிரெய்லர் பின்னால் உருண்டு வருவது மட்டுமில்லை, மூக்கை வண்டியின் முதுகில் வைத்துக்கொண்டு வருகிறது. இழுக்கிற பலம் வேறு, சுமக்கிற பலம் வேறு. லாரிகள் நிற்கும் இடத்தில் உள்ள எடைமேடையில் லைலின் வண்டியோடு ஏற்றிப் பார்த்தோம். கல், தண்ணீர்த் தொட்டி, என் தையல் மெஷின் எல்லாம் சேர்த்து மூக்கு மட்டும் மூவாயிரம் பவுண்டுக்கு மேல் இருக்கிறது. விற்கிறவன் காட்டும் புத்தகத்தைப் பார்க்காதே. ஓட்டுநர் கதவைத் திற. கதவுச் சட்டத்தில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருக்கும். ஆளும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் ஏற்றாதே என்று அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண் மூக்கைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அதில் உன் எடையும் நாயின் எடையும் கழியும். லைல் சொன்னது இது. பேரைச் சொல்லக் கூடாதென்றால் வேறு யாரோ சொன்னதாக வைத்துக்கொள்.

ஏப்ரல் வந்தால் இங்கே இருக்க முடியாது, தகரமெல்லாம் கொதிக்கும். மார்ச் கடைசியில் டிரெய்லர் கிளம்பியாக வேண்டும். பெர்னிஸ் கோடைக்கு மட்டும் கொலராடோ மலையில் ஓர் இடம் பிடிக்கலாமா என்று கேட்கிறாள். லைல் இழுத்து வருவானாம். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வடக்கே வந்தால் எந்த வீட்டுக்கு வருகிறேன் என்று தெரிந்துகொண்டு வர வேண்டும். டிரெய்லரை விற்கச் சொல்கிற வீட்டுக்கு வர மாட்டேன். என் அம்மாவின் நிலத்தை விற்று வாங்கினது. எனக்கென்று நான் வாங்கினது இது ஒன்றுதான்.

மேவிஸ்


ஆல்டர் ஃபோர்க்
பிப்ரவரி 21

மேவிஸ்,

வாங்கிவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்னால் வாங்கிவிட்டேன்.

சிவப்பு. நாய்க்குக்கூடப் பிடித்துவிட்டது. பழைய பிக்கப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கிரான்ட் ஐலண்ட் போகிற வழியில் இருக்கிற கடை. விற்கிறவன் என்னைப் பார்த்ததும், "வாங்க பெரியவரே, டிரெய்லருக்கா?" என்றான்.

"ஆமா. பெருசு. முதுகுல மூக்க வைக்கிற ரகம்."

"அதுக்கு இதுதான். பதினாறாயிரம் பவுண்டு இழுக்கும். உங்க வீட்டையே கட்டி இழுத்துட்டுப் போகலாம்."

"வீடு வேணாம். வீட்டுக்காரி போதும்," என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "புத்தகம் இருக்கா? நானே வாசிச்சுக்கறேன்" என்றேன்.

மேவிஸ், அவன் கொண்டுவந்து கொடுத்தான். நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். பதினாறாயிரம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. நானே வாசித்து நானே கையெழுத்துப் போட்டேன். கோழிக்கால் இல்லை, முழுப் பேர். என் வாழ்நாளில் பக்கத்தில் நீ நிற்காமல் நான் வாங்கின முதல் சாமான் இது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பலகைகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தேன். நாய்க்கு எல்லா ஊரும் தெரிந்துவிட்டது.

மஞ்சள் தாளைப் பற்றி லைல் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இது வரைக்கும் நேற்று எழுதியது. இன்று தபாலில் நம்மூர் ஃபெர்ன் டீட்ஸிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. அவளும் அவள் புருஷன் ஆர்லோவும் பைரைட் வெல்ஸில் உன்னைப் பார்த்தார்களாம். "மேவிஸும் லைலும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க" என்று பின்னால் எழுதியிருக்கிறாள். அதை வாசிக்கத்தான் நான் எழுத்துக் கற்றேன் போலிருக்கிறது.

படத்தில் உன் டிரெய்லர் ஓர் இடத்துக்குள் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் லைல் நிற்கிறான். உன் மஞ்சள் துணி அவன் வலது தோளில் கிடக்கிறது. ஒரு கை மூக்கில் இருக்கிறது.

மூக்கைச் சொறிகிறான் மேவிஸ்.

கல்லை அள்ளட்டும். மூக்குப் பாரத்தை நிறுக்கட்டும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். அந்தச் சைகையை எப்படிக் கொடுத்தாய்? நான் மார்ச்சில் வருகிறேன். என் வண்டியில் உன் டிரெய்லரை நானே கொண்டுவருவேன். லைல் ஒதுங்கி நின்று பார்க்கட்டும்.

ஓர்வில்


பைரைட் வெல்ஸ்
மார்ச் 2

ஓர்வில்,

மஞ்சள் தாளில் என்ன எண் இருக்கிறது? அதை மட்டும் எழுது. அது தெரியாமல் நீ அந்த வண்டியை இந்தப் பக்கம் எடுத்து வந்தால் நான் டிரெய்லரைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போடுவேன். நடுவில் மலை இருக்கிறது. அக்டோபரில் நம்மூர்ச் சின்ன இறக்கத்திலேயே பிரேக் புகைந்தது.

துணியைப் பற்றி நான் இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன். கோபமாக இருக்கிறேன். ஃபெர்ன் டீட்ஸ் சொன்னால் நம்புகிறாய்.

மேவிஸ்


ஆல்டர் ஃபோர்க்
மார்ச் 9

மேவிஸ்,

இரண்டாயிரத்து நூறு.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்றே கதவைத் திறந்து பார்த்துவிட்டேன். சின்ன எழுத்து. பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். ஒரு தடவை வாசித்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். மறுபடி திறந்தேன். அப்போதும் இரண்டாயிரத்து நூறுதான் இருந்தது. என் எடையும் நாயின் எடையும் போனால் இன்னும் குறைவு. உன் டிரெய்லரின் மூக்கு அதை நசுக்கிவிடும்.

அப்படியும் எனக்கு மனசு ஒப்பவில்லை. லைல் சொன்னது தப்பாக இருக்காதா என்று பார்த்தேன். கூட்டுறவுக் கடையில் தீவன மூட்டை வாங்கி உன் மூக்கின் கனத்துக்கு வண்டியில் அடுக்கினேன். ஏற்றிக் கொடுத்தவன், "உன்கிட்ட மாடே இல்லையே ஓர்வில்?" என்றான். "இருக்கறது ஒரு கழுதை. அதுக்குத்தான்" என்றேன். வண்டியைக் கல்லறை மேட்டில் ஏற்றினேன். முன்விளக்கு மரத்து உச்சியில் இருந்த ஆந்தையைக் காட்டியது. ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது, பிடித்திருப்பதும் பிடிக்காததும் ஒன்றாகிவிட்டது. நடுவழியில் நிறுத்திப் பாதி மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு இரண்டு நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தீவனம் கொட்டகையில் கிடக்கிறது. மாடு வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

ஆக, பெரிய எழுத்தை வாசிக்கக் கற்றிருக்கிறேன். சின்ன எழுத்து இன்னும் உன்னுடையதுதான். நீ பக்கத்தில் நின்றிருந்தால் விற்கிறவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் கதவைத் திறந்திருப்பாய். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அதைத்தான் சொல்லத் தாங்கவில்லை. அதனால்தான் போன கடிதத்தில் வாய் நீண்டது.

டோரீனிடம் இதைச் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

டிரெய்லரை விற்க வேண்டாம். அதை நான் அக்டோபரிலேயே சொல்லியிருக்க வேண்டும். தெற்கு வேலிக்குப் பக்கத்தில் அதற்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன், சரளை கொட்டச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இழுக்க என்னிடம் வண்டி இல்லை. கொலராடோவுக்குத்தான் போகப் போகிறாய் என்றால் போ. இழுக்கக்கூடிய வண்டி எவனிடம் இருக்கிறதோ அவனோடுதானே போக முடியும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல். அந்தச் சைகைகளை அவனுக்கு நீ சொல்லிக் கொடுத்தாயா, அவனாகவே பார்த்துக் கற்றுக்கொண்டானா? ராத்திரி படுத்தால் அவன் மூக்கைத்தான் பார்க்கிறேன்.

ஓர்வில்


பைரைட் வெல்ஸ்
மார்ச் 17

அன்புள்ள ஓர்வில்,

நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

படத்தை எடுத்து மறுபடி பார். துணி யார் தோளில் இருக்கிறது என்று பார்த்தாய். லைல் பின்னால் நிற்கிறான். டிரெய்லர் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. அப்படியென்றால் ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறது? ஒரு மாதமாக அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எரிந்தாய், இதைக் கேட்கத் தோன்றவில்லையே கிழவா.

நான்தான் ஓட்டுகிறேன். அக்டோபரிலிருந்து.

கான்சாஸைத் தாண்டும்போதே கண்டுபிடித்தேன். லைல் ஒவ்வொரு பலகைக்கும் வண்டியை மெதுவாக்கினான். "அதுல என்ன போட்டிருக்கு மேவிஸ்?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி கேட்டான். எனக்கா தெரியாது அந்தக் குரல்? நாற்பத்தாறு வருஷம் கேட்ட குரல். "உனக்குக் கண்ணு தெரியல, இல்லையா?" என்றேன். வண்டியை ஓரங்கட்டினான். இரண்டு கண்ணிலும் புரை. தனியாகத் தெற்கே வரப் பயந்துதான் நம் வாசலில் வந்து நின்றிருக்கிறான். பாவம் பார்த்து இழுக்க வந்தவன் இல்லை, ஆள் தேடி வந்தவன். "யார்கிட்டயும் சொல்லாத. ஓர்விலுக்குத் தெரிஞ்சா ஊரே சிரிக்கும்"னு கெஞ்சினான். இப்போது சொல்லச் சொல்லிவிட்டான். நீ தீவன மூட்டை ஏற்றின கதையை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் இவ்வளவு தூரம் போனா நானும் சொல்லிடறேன்" என்றான்.

அன்றிலிருந்து ஸ்டியரிங் என்னிடம்தான். முதல் நாள் வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்து உயிரே போய்விட்டது. இரண்டாம் நாள் பாடிக்கொண்டே ஓட்டினேன். எத்தனை வருஷம் உன்னிடம் கேட்டேன், ஒரு தடவை நான் ஓட்டட்டுமா என்று. "பின்னால எடுக்க வராது உனக்கு" என்பாய். பின்னால் எடுக்க வருகிறது ஓர்வில். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நிற்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த சைகை அது ஒன்றுதான். வேறு எதைச் சொல்லிக் கொடுப்பேன்? அவனுக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியும். அதுவும் பாதிதான். தலைமேல் கை வைக்க வேண்டிய நேரத்தில் முதுகைத் திருப்பிக்கொள்கிறான். பெர்னிஸின் பூந்தொட்டி போய்விட்டது.

ஒரு ஆளுக்குப் பலகை வாசிப்பதை விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்தேன். இன்னொரு ஆளுக்கு வாசித்துக்கொண்டு வந்தேன். நீ படிக்கக் கற்றாய் என்று தெரிந்த அன்று எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இனி வண்டியில் உன் பக்கத்து இருக்கையில் எனக்கு என்ன வேலை என்று தோன்றியது. சின்ன எழுத்து என்னுடையது என்று நீ எழுதியதை மூன்று தடவை வாசித்தேன்.

இப்போது கேள். லைலுக்கு ஒமாஹாவில் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு அவனுக்குப் பெரிய வண்டி வேண்டாமாம், டிரெய்லரும் அவனிடம் இல்லை. உன் சிவப்பு வண்டி அவனுக்குப் போதும். அவனுடைய வண்டியின் மஞ்சள் தாளில் ஐயாயிரத்துச் சொச்சம் இருக்கிறது. கொக்கியும் நம் டிரெய்லரின் உயரத்துக்கே பூட்டியிருக்கிறது. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறான். நீ அந்த வண்டியை எவ்வளவு வெறுக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த டிரெய்லருக்குப் பொருந்துகிற வண்டி அது ஒன்றுதான், அது ஏற்கெனவே அதன் முன்னால்தான் நிற்கிறது.

கொலராடோ வேண்டாம் என்று பெர்னிஸிடம் சொல்லிவிட்டேன். 26ஆம் தேதி கிளம்புகிறேன். லைல் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். வழியில் டால்ஹார்ட்டில் தபால் நிலையத்தில் எட்டிப் பார்ப்பேன். பதில் இருந்தால் அங்கே போடு.

நான்தான் உள்ளே எடுப்பேன். நீதான் பின்னால் நிற்க வேண்டும். சம்மதமா?

மேவிஸ்

டோரீனை நிறுத்தச் சொல்லவில்லை. கோலாச்சியை நிறுத்தச் சொல்.


மேவிஸ், தபால் நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்ள
டால்ஹார்ட், டெக்ஸாஸ்
மார்ச் 22

அன்புள்ள மேவிஸ்,

சம்மதம்.

படத்தை எடுத்துப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு முழங்கை தெரிகிறது. உன் முழங்கைதான். சட்டையைக்கூட எனக்குத் தெரியும். ஒரு மாதம் அவன் மூக்கையே பார்த்திருக்கிறேன்.

சிவப்பு வண்டியை அவன் எடுத்துக்கொள்ளட்டும். கழுவி வைத்துவிட்டேன். கண் சரியான பிறகும் பகலில் மட்டும் ஓட்டச் சொல். நான் அவன் வண்டியை ஓட்டப் பழகிக்கொள்கிறேன். இருக்கையை மட்டும் மாற்றலாமா என்று பார்ப்போம்.

நீ அவனுக்குப் பலகை வாசித்ததைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. கண் தெரியாதவன் மேல் பொறாமைப்படக் கூடாது என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் படுகிறேன். சாலினா, ஹேஸ், அந்த ஊர்ப் பேரெல்லாம் நீ எனக்கு வாசித்தவை. இனி நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உனக்கு வாசிப்பேன். மெதுவாகத்தான் வரும். பாதி ஊர் தாண்டிப் போன பிறகுதான் பேரைச் சொல்வேன்.

டோரீனிடம் சொன்னேன். "மேவிஸ் சர்க்கரையப் பத்தி என்ன சொன்னா?" என்று கேட்டாள். "சொல்லியிருப்பா," என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

தெற்கு வேலிப் பக்கம் சரளை கொட்டியாயிற்று. முசுக்கொட்டைக் கிளை உன் கூரையில் இடிக்கும், வெட்டிவிட்டேன். உன் கற்களுக்குக் கொட்டகையில் தீவனத்துக்குப் பக்கத்தில் பலகை அடித்திருக்கிறேன். எல்லாவற்றையும் கொண்டு வா, மூக்கில் மட்டும் வைக்காதே. மஞ்சள் துணியை அவனிடமிருந்து வாங்கித் துவைத்து எடுத்து வா. அது இல்லாமல் நான் நிற்க மாட்டேன்.

குச்சிக் கைக் கிழவன் இன்னும் அடுப்புப் பக்கம்தான் இருக்கிறான். கிழிக்கவில்லை. அவனுக்குக் கீழே அவன் பேரை எழுதி வைத்திருக்கிறேன்.

வாசலில் திரும்பும் இடத்தில் வேலிக் கம்பத்தில் நான் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன். வெள்ளைப் பெயின்டில் கறுப்பு எழுத்து, நானே எழுதியது. பெரிய எழுத்தாகப் போட்டிருக்கிறேன், தூரத்திலேயே தெரியும். மழையில் அரித்துப்போன இடத்துக்கு எச்சரிக்கை. இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்:

மெதுவாக வா மேவிஸ். இடது பக்கம் பள்ளம்.

லைலுக்கு அது தெரியாது. "என்ன போட்டிருக்கு?" என்று கேட்பான். அதை மட்டும் அவனுக்கு வாசித்துச் சொல்லாதே.

உன்
ஓர்வில்